மிச்சம் பிடிக்க மின்சாரம் இல்லாத பள்ளிக்கூடம்

(இரத்தோட்டையில் ஆசிரியர்களும் பெற்றோரும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



இந்தக் கூட்டத்துக்குப் போகிறேன் என்று சொன்னபோது பக்கத்து வீட்டு அக்கா தலைப்பு என்னவென்று கேட்டார். பாடசாலைக் கட்டடங்களை மின்சாரச் சிக்கனமாகப் புதுப்பிக்க அரசாங்கப் பணம் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க பள்ளிக்கூடத்தில இருக்கிறதே மூணு பல்பு. அதில ஒண்ணு எரியாது. இதில எதை மாஸ்டர் மிச்சம் பிடிக்கப் போறீங்க?"

நான் ஒரு மணித்தியாலம் பேச வைத்திருந்ததை அவர் ஒரே கேள்வியில் முடித்துவிட்டார். ஆனாலும் வந்துவிட்டேன். அவர் கேட்ட கேள்வியையே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

நான் கணிதம் படிப்பித்தவன், கட்டடப் பொறியியலாளன் அல்லன். ஆகவே கணக்கில் தொடங்குவோம். ஆறு வகுப்பறையுள்ள ஒரு சின்னப் பாடசாலை. அறைக்கு இரண்டு பழைய டியூப் லைட், ஒவ்வொன்றும் 40 வாற்று. எல்லாம் எரிகின்றன என்று வைத்துக்கொள்வோம், அதுவே பெரிய தாராளம். நாளைக்கு 4 மணித்தியாலம், மாதத்தில் 20 நாள். 38 அலகு வருகிறது. அவற்றைக் கழற்றிவிட்டு 18 வாற்று எல்.ஈ.டி. போட்டால் 17 அலகு. மாதம் 21 அலகு மிச்சம். வீட்டில் ஒரு குளிர்சாதனப் பெட்டி இதைவிடக் கூடத் தின்னும்.

இனி வெளிநாட்டுக்குப் போவோம். குளிர் நாடுகளில் பள்ளிக்கூடம் என்பது வெப்பத்தை விலைக்கு வாங்கிச் சன்னல் இடுக்கு வழியே வெளியே விடுகிற இடம். ஆகவே அங்கே மிச்சம் பிடிக்க நிறைய இருக்கிறது. ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் 1994இல் ஓர் ஏற்பாடு தொடங்கினார்கள். மின்சாரத்திலும் வெப்பத்திலும் ஒரு பாடசாலை எவ்வளவு மிச்சம் பிடிக்கிறதோ, அந்தப் பணத்தில் பாதி அந்தப் பாடசாலைக்கே. பெயரே 'ஐம்பதுக்கு ஐம்பது'. பிள்ளைகளே ஓடிப்போய் லைட்டை அணைத்தார்கள். பிரித்தானியாவில் 2004இல் அரச பணத்தில் வட்டியில்லாக் கடன் கொடுக்க ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பாடசாலையோ ஆஸ்பத்திரியோ கடன் வாங்கிக் கட்டடத்தைத் திருத்தும், குறைந்த மின்கட்டணத்தால் மிஞ்சும் பணத்தில் கடனை அடைக்கும், அந்தப் பணம் அடுத்தவருக்குப் போகும். சுழல்நிதி. நல்ல யோசனைதான், குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தச் சுழல்நிதிக்காரரிடம் நமது 21 அலகைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். கோப்பைத் திறந்த கையோடு மூடிவிடுவார். அவர் பிழை அல்ல. அவருடைய தராசு மிச்சத்தை நிறுக்கிற தராசு. கூரை ஒழுகுகிற, சன்னல் சாத்தினால் இருண்டுபோகிற, மின்விசிறியே கண்டிராத பாடசாலை அந்தத் தராசில் ஏறி நின்றால் முள் அசையாது. சிக்கனத்தில் முதற்பரிசு அதற்குத்தான் கொடுக்க வேண்டும். வறுமையும் சிக்கனமும் மின்மானியில் ஒரே இலக்கத்தையே காட்டும்.

நான் படித்தது ஒரு தோட்டப் பாடசாலையில். பெயர் வேண்டாம். ஒரே மண்டபம், ஐந்து வகுப்பு, நடுவில் கரும்பலகையைத் திருப்பி வைத்தால் அதுதான் சுவர். சன்னல்களுக்கு மரக்கதவு. ஐப்பசி, கார்த்திகையில் மழை சாய்த்து அடிக்கும். கதவைத் திறந்தால் கொப்பி நனையும், சாத்தினால் பலகை தெரியாது. தகரத்தில் மழை விழுகிற சத்தத்தில் வாத்தியார் வாய் அசைவது மட்டும் தெரியும். அவர் சிறிது நேரம் கத்திப் பார்ப்பார், பிறகு சோக்கட்டியை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். எங்களுக்குக் கொண்டாட்டம். இப்போது யோசித்துப் பார்க்கிறேன், ஒரு வருடத்தில் எத்தனை பாடம் அந்தத் தகரம் விழுங்கியிருக்கும்? எந்தப் பட்டியலிலும் அது வரவில்லை. மின்சார சபை அதற்குப் பில் அனுப்பவில்லை.

இந்தக் கட்டடங்கள் இப்படி இருப்பது தற்செயல் அல்ல. 1907இல் வந்த கிராமியப் பாடசாலைச் சட்டம், 6 வயது முதல் 10 வயது வரையான தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் எழுத்தறிவிக்கும் பொறுப்பைத் தோட்டத் துரையிடம் கொடுத்தது. துரை என்ன செய்வார்? கைக்கு வந்த மடுவத்தை ஒதுக்கிக் கொடுத்தார், லயத்தில் காலியான காம்பராவைக் கொடுத்தார். பிள்ளை மடுவம், கொழுந்து மடுவம், பள்ளிக்கூட மடுவம். மூன்றுக்கும் ஒரே கூரை, ஒரே தகரம். 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி நாட்டையே மாற்றியது. தோட்டப் பாடசாலை அதற்கு வெளியே நின்றது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பின்னர்தான் பாடசாலைகளைக் கட்டங்கட்டமாக அரசாங்கம் பொறுப்பேற்றது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து சுவீடன் அரசின் உதவியுடன் தோட்டப் பாடசாலைகளுக்குக் கட்டடங்கள் எழும்பின, பெற்றோரின் உழைப்பையும் சேர்த்து. இங்கே நரைத்த தலையோடு இருக்கிற சிலர் அப்போது கல் சுமந்திருப்பீர்கள். ஜேர்மனியின் உதவியோடு கொட்டகலைப் பக்கம் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்தது. இவற்றை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால் கவனியுங்கள்: நமது பாடசாலைக் கூரையின் வரலாறு எப்போதும் யாரோ ஒருவரின் தயவின் வரலாறு. முதலில் துரை, பிறகு வெள்ளைக்கார நாட்டு வரிப்பணம்.

அண்மைக்காலத்தில் இந்தியாவும் சேர்ந்தது. மலையகத்தில் ஒன்பது தோட்டப் பாடசாலைகளை மேம்படுத்த இந்திய அரசின் நன்கொடை, கூட்டப்பட்டு 600 மில்லியன் ரூபாயாக நிற்கிறது. மத்திய மாகாணத்துக்கு ஆறு, ஊவா, சபரகமுவ, தென் மாகாணங்களுக்கு ஒவ்வொன்று. மலையகத்தில் தமிழ்மொழித் தோட்டப் பாடசாலைகள் எண்ணூறுக்கும் மேல். ஒன்பது என்பது ஒரு தொடக்கம், அவ்வளவுதான்.

இன்னொரு இந்திய நன்கொடை இருக்கிறது. அதைச் சொல்லாமல் போனால் இந்தத் தலைப்புக்கே துரோகம். 17 மில்லியன் அமெரிக்க டொலர் செலவில், 25 மாவட்டங்களிலும் 5,000 வழிபாட்டுத் தலங்களின் கூரையில் சூரியப் படல் பொருத்தினார்கள். மொத்தம் 25 மெகாவாற்று, இடத்துக்கு 5 கிலோவாற்று. 2025 ஏப்ரலில் பிரதமர் மோடி இலங்கை வந்தபோது அதைத் தொடக்கி வைத்தார். விகாரை, கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எல்லாவற்றுக்கும் கிடைத்தது, நல்லது. நான் சாமி கும்பிடுகிறவன், கோயிலுக்கு வெளிச்சம் வந்ததில் பொறாமை இல்லை. ஆனால் நமது தோட்டங்களில் கோயிலும் பள்ளிக்கூடமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒரு கூரையில் மாதம் ஐந்நூறு அலகுக்கு மேல் விளையும்போது, மறு கூரைக்குக் கீழே பிள்ளை வாசற்படிக்கு வந்து உட்கார்ந்து எழுதினால், பார்க்கிறவருக்கு என்னமோ போலத்தான் இருக்கும்.

அப்போ பள்ளிக்கூடக் கூரையிலும் சூரியப் படலைப் போட்டுவிட்டால் சரிதானே என்று கேட்பீர்கள். இங்கேதான் நான் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறேன். உளுத்த பராளையும் அஸ்பெஸ்டஸ் சீட்டும் உள்ள கூரையில் எவரும் படல் பொருத்த மாட்டார், பொருத்தவும் கூடாது. முதலில் கூரை. அந்த அஸ்பெஸ்டஸ் சீட்டுக்கே நமது தேயிலையோடு ஒரு கதை உண்டு. கல்நார் தூசி நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரும் என்பதால் 2018இலிருந்து அதன் இறக்குமதியைக் கட்டுப்படுத்தி 2024க்குள் அறவே நிறுத்துவதென்று இலங்கை தீர்மானித்திருந்தது. நமக்கு அதை அதிகம் விற்கிற நாடு ரஷ்யா. 2017 டிசெம்பரில், நமது தேயிலைப் பொதியொன்றில் ஒரு பூச்சி இருந்ததாகச் சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலைக்கே தடை போட்டது. ஒரேயொரு பூச்சி. கொழும்பு ஆடிப்போனது. கல்நார்க் கட்டுப்பாட்டைத் தள்ளிப் போட்டார்கள், அந்த ஆண்டு முடியுமுன்பே தேயிலைத் தடையும் நீங்கிவிட்டது. கொழுந்து பறிக்கிற அம்மாவின் வேலையைக் காப்பாற்ற, அவருடைய பிள்ளையின் தலைக்கு மேல் அந்தச் சீட்டு இருந்துவிட்டுப் போகட்டும் என்று முடிவானது. இரண்டு பேருமே ஒரே வீட்டுக்காரர்.

இடையில் ஒரு வேண்டுகோள், இதை மறந்துவிடாதீர்கள். சிரமதானம் என்று சொல்லி அந்தச் சீட்டைக் கம்பித் தூரிகையால் தேய்ப்பதும், ஆணி அடிப்பதும், உடைத்துக் குழியில் போடுவதும் நடக்கிறது. வேண்டாம். முழுதாக இருக்கிற சீட்டு அவ்வளவு ஆபத்தில்லை, உடைந்தால்தான் தூசி பறக்கும். கழற்றத்தான் வேண்டுமென்றால் நனைத்து, முழுதாகக் கழற்றுங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

சரி, கூரையைத் திருத்துவது என்றால் எப்படி? கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா இந்த நாட்டுக்குக் காட்டிய ஒரு வித்தை உண்டு. நெளிவுச் சிமெந்துத் தகடு கீழே, அதன்மேல் அரைவட்ட நாட்டு ஓடு. தகடு தண்ணீரைத் தடுக்கும், ஓடு வெயிலையும் மழைச் சத்தத்தையும் வாங்கிக்கொள்ளும். கல்நார் கலக்காத தகட்டிலும் இதையே செய்யலாம். அதே பாவா கட்டிய கந்தலம ஹோட்டல் நமது மாத்தளை மாவட்டத்தில்தான் இருக்கிறது, 1990களில் திறந்தது. வலுசக்திச் சிக்கனத்துக்குச் சர்வதேசச் சான்றிதழ் பெற்ற கட்டடம். துல்ஹிரியவில் 2008இல் உள்ளாடை தைக்கும் தொழிற்சாலை ஒன்றையும் வலுசக்திச் சிக்கனமாகவே கட்டினார்கள், அதற்கு ஆக உயர்ந்த தரச் சான்று கிடைத்தது. ஆகவே இந்த நாட்டில் ஆளில்லை, அறிவில்லை என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். உல்லாசப் பயணி தூங்குகிற அறைக்கும் உள்ளாடை தைக்கிற அறைக்கும் அந்த அறிவு போய்ச் சேர்ந்திருக்கிறது.

வலுசக்திச் சிக்கனத்துக்கென்று ஓர் அதிகாரசபையை 2007இல் சட்டம் போட்டு அமைத்தார்கள், அடுத்த ஆண்டு கட்டடக் கோவையும் வந்தது. ஆனால் அந்தக் கோவை பெரிய வணிகக் கட்டடங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. குளிரூட்டி எவ்வளவு என்று பேசும். மரக்கதவுச் சன்னலைப் பற்றி அதற்கு அக்கறை இல்லை.

இனி இரத்தோட்டைக்கு வருவோம். ஒரே பிரதேச செயலகப் பிரிவுதான், ஆனால் இங்கே இரண்டு தேசம் இருக்கிறது. கீழே டவுனைச் சுற்றி மிளகும் சாதிக்காயும் விளைகிற வெக்கை. பங்குனி, சித்திரையில் பதினொரு மணிக்குமேல் தகரக் கூரை வகுப்பில் பிள்ளைகளின் கண் தானாகச் சொருகும். மேலே கம்மடுவ, ஓப்பல்கல, ரிவர்ஸ்டன் பக்கம் போனால் பனிமூட்டமும் காற்றும் ஈரமும். அங்கே வெயில் பிரச்சினையே இல்லை, இருட்டும் பூஞ்சணமும்தான். கீழே வெளிச்சத்தை விட்டு வெப்பத்தை மறிக்க வேண்டும். மேலே வெளிச்சத்தையும் வெப்பத்தையும் உள்ளே கூப்பிட வேண்டும், மழையை மட்டும் மறிக்க வேண்டும். கொழும்பிலிருந்து வருகிற வரைபடமோ ஒன்றுதான்: எண்பதுக்கு இருபத்தைந்து அடி, இரண்டு மாடி. புத்தளத்துக்கும் அது, நுவரெலியாவுக்கும் அது. நான் படிப்பித்த ஒரு பாடசாலையில் இடமில்லை என்று அந்தக் கட்டடத்தைத் திருப்பி, நீளப் பக்கம் மேற்கைப் பார்க்கக் கட்டினார்கள். அலுமினியச் சட்டம் போட்ட கண்ணாடிச் சன்னல், பார்க்க அழகு. மத்தியானம் ஒரு மணிக்கு மேல்மாடியில் நின்று இருபடிச் சமன்பாடு படிப்பித்தவனுக்குத்தான் தெரியும். சன்னலுக்குப் பழைய பெனரைக் கட்டிவிட்டு லைட்டைப் போட்டுக்கொண்டு படிப்பித்தோம். பட்டப்பகலில், வெளியே வெயில் கொளுத்த, உள்ளே லைட். புதுக் கட்டடம் வந்து கரண்ட் பில்லும் ஏறியது.

தமிழ்நாட்டில் பசுமைப் பள்ளிக்கூடத் திட்டத்தில் அரசுப் பள்ளிகளின் கூரைக்கு வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அடிக்கிறார்கள். நல்ல வெள்ளைப் பூச்சு வெயிலில் ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பிவிடும். டவுனைச் சுற்றியுள்ள பாடசாலைகளுக்கு இது மலிவான மருந்து. கம்மடுவப் பக்கம் அடித்தால் அடுத்த மழைக்கே பாசி பிடித்துக் கறுத்துப் போகும், பணம் வீண். மேலே வேண்டியது வேறு: தாவாரத்தை மூன்று அடி வெளியே நீட்டுவது, மரக்கதவின் மேற்பாதியைக் கண்ணாடியாக்குவது, கூரையில் இங்கொன்றும் அங்கொன்றுமாய் ஒளிபுகும் தகடு போடுவது, கீழே ஒரு சீலிங் அடிப்பது. தாவாரம் நீண்டால் மழையிலும் சன்னல் திறந்திருக்கும். சீலிங் இருந்தால் வாத்தியாரின் குரல் கேட்கும். பிள்ளை எழுதுகிற மேசையில் 300 லக்ஸ் வெளிச்சமாவது வேண்டும். மப்பு மூடிய பகலிலும் வெளியே 10,000 லக்ஸ் அளவில் கிடக்கும். நூற்றில் மூன்று பங்கை உள்ளே விட்டால் போதும். அதற்கு ஒரு சுவிட்சும் தேவையில்லை.

பணம் யாரிடம் கேட்பது? தோட்டப் பாடசாலைகளில் அநேகம் மாகாணப் பாடசாலைகள். மத்திய மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பிறகு நாம் வாக்குப் போட்டுத் தெரிவுசெய்த சபை இல்லை. ஆளுநர் இருக்கிறார், அதிகாரிகள் இருக்கிறார்கள், 'எங்கள் பள்ளிக்கூடத்துக் கூரை என்னாச்சு?' என்று கையைப் பிடித்துக் கேட்கத்தான் ஆளில்லை. இத்தனை காலம் பன்முகப்படுத்தப்பட்ட நிதியை நம்பினோம். எம்.பி. வருவார், நினைவுக்கல் திறப்பார். நினைவுக்கல் கட்டடத்துக்குத்தான் வைப்பார்கள், சீலிங்குக்கு எவரும் வைத்ததாகக் காணோம். தாவாரம் நீட்டியதற்கு யார் நாடா வெட்டுவார்? அதனால்தான் பழுதுபார்க்கும் பணம் எப்போதும் கடைசி வரியில் போய் நிற்கிறது. பிறகு காணிப் பிரச்சினை. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போயின. பாடசாலை நிற்கிற காணி தோட்டத்துடையதா, கல்வித் திணைக்களத்துடையதா என்ற கேள்வி முடியாத இடத்தில், கணக்காய்வுக்குப் பயந்து எந்த அதிகாரியும் பெரிய தொகையை இறக்க மாட்டார். இது சரிவராமல் மற்றதெல்லாம் பேசுவது காற்றில் கட்டுவது மாதிரி. பாடசாலைக்கு இரண்டு ஏக்கர் காணி என்று முன்பே சொன்னார்கள். அளந்து உறுதி எழுதிக் கொடுக்கட்டும்.

இன்னொரு வழியையும் தமிழ்நாடு காட்டியிருக்கிறது. காமராசர் காலத்தில், 1950களின் கடைசியில், கல்வி இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராய்ப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தினார். ஓடு கொடுப்பவர் ஓடு, வாங்கு கொடுப்பவர் வாங்கு. ஆனால் அதைக் காட்டி அரசாங்கம் நழுவக்கூடாது. அங்கேயே பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் என்று ஐந்தாண்டுக்கு 7,000 கோடி இந்திய ரூபாயை 2022இல் பெயர் சொல்லி ஒதுக்கினார்கள். பெயர் சொல்லி ஒதுக்குவதில் ஒரு நன்மை உண்டு, வேறு பக்கம் திருப்பினால் ஊருக்குத் தெரியும். நமது ஆட்களிடம், பேர் ஒன்றுக்கு, அதாவது ஒரு நாள் கூலிக்கு, உயிரைக் கொடுக்கிறவர்களிடம், மறுபடியும் சிமெந்து மூட்டைக்குக் காசு கேட்க எனக்கு வாய் வராது. அவர்கள் உழைப்பை ஏற்கெனவே தந்துவிட்டார்கள்.

மிச்சத்தை நிறுக்கும் தராசே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கணினிக் கூடமும் குளிரூட்டியும் உள்ள பெரிய பாடசாலைகளுக்கு அது பொருந்தும். 2022 ஓகஸ்ட்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது, 2023 பெப்ரவரியில் மறுபடி 66 வீதம். அந்த அடியைத் தாங்கிய அதிபர்களுக்கு ஹம்பேர்க் முறையைக் கொடுங்கள், மிச்சம் பிடித்ததில் பாதியை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். சின்னப் பாடசாலைக்குக் கடனும் வேண்டாம், பாதியும் வேண்டாம். நேரான மானியம். அமெரிக்காவிலேயே 2021இல் பாடசாலைகளின் வலுசக்தித் திருத்தத்துக்கு 500 மில்லியன் டொலர் ஒதுக்கியபோது வறிய, கிராமப்புறப் பாடசாலைகளுக்கு முன்னுரிமை என்று விதி எழுதினார்கள். மிச்சத்தைப் பார்த்தால் பணம் முழுவதும் பெரிய பாடசாலைகளுக்கே போய்விடும் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

இதை இப்போது பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்துபோனது. மாத்தளைக்கு என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, இந்த அவையில் மண்ணுக்குள் வீட்டை விட்டவர்கள் இருக்கக்கூடும். மீளக்கட்டும் பணம் எங்கெங்கிருந்தோ வருகிறது. அவசரம் அவசரமாகத் தகரம் வரும், எண்பதுக்கு இருபத்தைந்து வரும். இடம் பாதுகாப்பா என்பதைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பார்க்கும், அது முதலாவது. அதற்கு அடுத்து, எந்தப் பக்கம் பார்த்துக் கட்டுகிறார்கள், தாவாரம் எத்தனை அடி, கூரைக்கும் பிள்ளைக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஒருவராவது வேண்டும். கட்டுமுன் கேட்டால் சில ஆயிரம் ரூபாயோடு முடியும். கட்டி முடிந்தபின் கேட்டால் இன்னும் ஐம்பது வருடத்துக்குப் பெனர் கட்ட வேண்டியதுதான்.

உங்களிடம் ஒரு வேலை கேட்டுக்கொண்டு உட்காருகிறேன். வலயக் கல்விப் பணிமனையிலிருந்து கட்டடத் தேவைப் படிவம் வரும்போது அதிபர்மார் அதை நிரப்பி அனுப்புகிறீர்கள். வகுப்பறை எத்தனை, மாணவர் எத்தனை, மின் இணைப்பு உண்டா இல்லையா. அதோடு நீங்களே ஒரு தாளை இணையுங்கள், அனுமதி கேட்க வேண்டாம். வருகிற கார்த்திகையில், மழை பெய்கிற ஒரு நாள், காலை பத்து மணிக்கு, வகுப்பின் கடைசி வாங்கில் போய் உட்காருங்கள். கரும்பலகையில் மூன்றாம் வரி தெரிகிறதா? ஆசிரியர் சொல்வது கேட்கிறதா? கையில் இருக்கிற போனில் வெளிச்சம் அளக்கிற செயலி சும்மா கிடைக்கும், எத்தனை லக்ஸ்? சித்திரை விடுமுறைக்கு முன் ஒரு நாள் பன்னிரண்டு மணிக்கு அதே வாங்கில் ஒரு வெப்பமானியை வையுங்கள். திகதி, நேரம், இலக்கம், கையெழுத்து. டவுன் பாடசாலையும் எழுதட்டும், மேட்டுத் தோட்டத்துப் பாடசாலையும் எழுதட்டும். ஆசிரியை ஒருவர் இப்போதே கை தூக்குகிறார், வெப்பமானி யார் வாங்கித் தருவது என்று கேட்கிறார் போலும். விஞ்ஞான அறை அலுமாரியில் ஒன்று கிடக்கும் டீச்சர், சாவி யாரிடம் என்று பாருங்கள்.